கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது

என் அண்ணனை மேடையிலிருந்து இறக்கியது என் வாய்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

அண்ணனை வெளியே எல்லாரும் ‘அரைப்புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இணையதளம் செய்கிறவர்களின் குழு ஒன்றை அவன் ஒன்பது வருஷமாக நடத்திவந்தான். நாங்கள் பயன்படுத்துவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். அதை வைத்துத் தளம் கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு நடக்கும். எங்கள் ஊரில் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவன் அண்ணன். முதல் கூட்டம் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், காகிதக் கட்டுகள் அடுக்கிவைத்த அறையில் நடந்தது. வந்தது நாலு பேர். அதில் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து தவறி உள்ளே நுழைந்தவர். அவரையும் அண்ணன் விடவில்லை. போகும்போது அவர் கையில் ஒரு தளம் இருந்தது.

பட்டப்பெயர் வந்தது அதற்கடுத்த வருஷம். ஒரு பள்ளிக்கூடத்தின் தளம் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஆறு பேர் ஒரு நாள் முழுக்கத் தேடிக் கிடைக்காத கோளாறை அண்ணன் நின்றவாக்கிலேயே இருபது நிமிஷத்தில் பிடித்தான். நிரலில் ஒரு வரியின் கடைசியில் வர வேண்டிய அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. “முற்றுப்புள்ளி வெக்க ஆயிரம் பேர் இருக்காங்க. அரைப்புள்ளி வெக்கத்தான் ஆள் இல்ல,” என்றான். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவன் பேச்சே அப்படித்தான். எதைச் சொன்னாலும் வாலில் ஒரு வேடிக்கை தொங்கும்.

அந்த வேடிக்கையால் பிழைத்தவள் நான். என் கல்யாணம் இரண்டரை வருஷத்தில் முடிந்து ஒரு சூட்கேஸோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியபோது, யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிய சத்தமாக இருந்தது. அண்ணன் மட்டும் மூன்றாம் நாள் தன் பழைய லேப்டாப்பை என் முன்னால் வைத்து, “இந்தப் பட்டனைப் பக்கத்தோட நடுவுக்குக் கொண்டு வா, பாக்கலாம்,” என்றான். இரண்டு நாள் முட்டினேன். பட்டன் இடது ஓரத்தைவிட்டு நகரவே இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு சொட்டு அழாதவள், அந்தப் பட்டனுக்காக உட்கார்ந்து அழுதேன்.

“அப்பாடா, அழுதுட்டியா? இதுக்குத்தான் ரெண்டு நாளா காத்திட்டிருந்தேன்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இப்ப வா, சொல்லித் தர்றேன்.”

அங்கே ஆரம்பித்ததுதான் என் தொழில். நாலு வருஷத்தில் பல் டாக்டர், சைக்கிள் கடை, நடனப் பள்ளி என்று எனக்கென்று வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். குழுவின் வேலைகளில் பாதி என் தலையில் விழுந்தது. நானும் சந்தோஷமாகத்தான் சுமந்தேன்.

குழு பெரிதானபோது நடத்தை விதிகள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அண்ணன்தான். “நாளைக்கு யாராவது யாரையாவது மட்டம் தட்டினா, அவங்க எங்க போய்ச் சொல்லுவாங்க?” என்றான். எழுதுகிற பொறுப்பு எனக்கு. வேறொரு ஊர்க் குழுவின் விதிகளை எடுத்துத் தமிழாக்கி, புகார்ப் படிவம், விசாரணை முறை, முடிவைத் தெரிவிக்கும் கடிதத்துக்கு ஒரு மாதிரி, எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் முடித்தேன். அண்ணன் படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். புகார்களைப் பார்க்க மூன்று பேர்: நான், எங்களுக்குக் கூட்ட அறை தரும் நூலகத்தின் நூலகர் அக்கா, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். சர்வர் வேலை என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லி, “எந்த ஓட்டல்ல?” என்று மாமனார் கேட்ட நாளிலிருந்து அவரை நாங்கள் சர்வர் என்றே கூப்பிட்டோம்.

மூன்று வருஷமாக அந்தப் படிவத்தில் ஒரு புகாரும் வரவில்லை. எங்கள் குழு நல்ல குழு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன வருஷ மாநாட்டுக்கு நூற்று எண்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு கல்லூரியின் அரங்கம். சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் ஒரு மணி நேரத்துக்குப் பெயர் ‘தளம் பார்க்கிறோம்’. விருப்பமுள்ளவர்கள் எழுந்து தங்கள் தளத்தைச் சொல்வார்கள். அண்ணன் அதைத் திரையில் போட்டு, எது சரி, எது சொதப்பல் என்று சொல்லுவான். உண்ட மயக்கத்தில் சாய்கிற கூட்டத்தை நிமிர்த்தி உட்காரவைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு.

நாலாவதாக எழுந்தவர் தையல்கடை அக்கா. ஐம்பது வயதிருக்கும். பழைய துணியை வெட்டிச் சேர்த்துப் புது உடுப்பாக்கித் தரும் சின்னக் கடை அவருடையது. அளவு நாடா போட்டுப் பழகிய கழுத்து. மாட்டியிருந்த அடையாள அட்டையின் நாடாவை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். எட்டு மாதமாக எங்கள் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். சந்தேகம் கேட்க வேண்டுமானால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கூட்டம் முடிந்தபிறகு என் கையில் கொடுப்பார். பேசும்போது சில எழுத்துகளில் அவருக்கு நாக்கு தடுக்கும். எனக்கு அது தெரியும். அண்ணனுக்கு அன்றுவரை தெரியாது.

“சொல்லுங்கக்கா, என்ன தளம்?”

“த-தையல் க-க-க…”

‘கடை’ என்ற சொல் வரவில்லை. அண்ணன் காத்திருந்தான். உண்மையாகவே இரண்டு மூன்று விநாடி காத்திருந்தான். பெரிய திரையில் அவர் தளம் திறக்க முடியாமல் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபோனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்ததால் பக்கம் கனத்துப்போயிருந்தது. அண்ணன் திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

“ப-ப-பரவால்லக்கா. உங்க ப-பக்கமும் உங்கள மாதிரியேதான் லோ-லோ-லோட் ஆகுது.”

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் மேடையின் பக்கவாட்டில் ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்ற அட்டையோடு நின்றிருந்தேன். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று உறைத்தது.

அக்காவும் சிரித்தார். பிறகு அண்ணன் ஆறு நிமிஷம் நிதானமாக, படங்களை எப்படிச் சுருக்குவது, எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று அருமையாகச் சொல்லிக்கொடுத்தான். “முதல் தளத்துக்கு இது ரொம்ப நல்லா இருக்கு. இந்த முன்-பின் படங்கள் யாருக்கும் தோணாத யோசனை. கை தட்டுங்க எல்லாரும்,” என்றான். தட்டினார்கள். அவருக்கு நல்லது செய்துவிட்டோம் என்றுதான் அவன் மேடையைவிட்டு இறங்கினான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், இறங்கி வந்து, “அந்தக்காவுக்கு நல்ல கண்ணு, பாத்தியா?” என்று என்னிடம் சொன்னான்.

டீ இடைவேளையில் இரண்டு கோப்பையோடு நான் அவரைத் தேடினேன். கடைசி வரிசை நாற்காலியில் அடையாள அட்டை இருந்தது. நாடாவை விரலில் சுற்றி எடுத்ததுபோல் வட்டமாகச் சுருட்டி வைத்திருந்தார். ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் தளத்தைத் திறந்தேன். ‘இந்த முகவரியில் எதுவும் இல்லை’ என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை படிவத்தில் புகார் விழுந்தது. யாரைப் பற்றி என்ற இடத்தில் அண்ணனின் பெயரைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் மூடிவிட்டேன். சொந்தக்காரர் விஷயத்தில் ஒதுங்கிவிட வேண்டும் என்பது நானே எழுதிய விதி. நூலகர் அக்காவுக்குப் போன் போட்டு, “நான் இதுல இல்ல. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க,” என்றேன். கைகழுவிவிட்ட நிம்மதி இரண்டு நாள்தான் நீடித்தது. வியாழக்கிழமை அவர் கூப்பிட்டார்.

“முடிவு பண்றதுல நீ இல்ல, சரி. ஆனா நீ அந்த எடத்துல இருந்திருக்க. சாட்சியா வந்து பாத்தத சொல்லணும்.”

நூலகத்தில் அன்று வேறு இடம் காலியில்லை. குழந்தைகள் பகுதியில், முயல் படம் போட்ட குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தோம். சர்வரின் முழங்கால்கள் அவர் தாடையைத் தொட்டன. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் சொன்ன வார்த்தைகள், அரங்கம் சிரித்தது, நான் சிரித்தது, கடைசியில் அவன் பாராட்டியது. சர்வர் எழுதிக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது?” என்று நூலகர் அக்கா கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் எனக்குள்ளே இரண்டு முகங்கள் வந்து நின்றுவிட்டன. நாலு வருஷம் முன்னால் ஒரு ஓவிய ஆசிரியர்; அவர் தளத்தின் நிறங்களைப் பார்த்து, “கண் டாக்டர் யாராவது இவருக்குக் கமிஷன் குடுக்கறாங்களா?” என்று அண்ணன் கேட்டான். அவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுததை நான் பார்த்தேன். அடுத்த வருஷம் ஒரு கல்லூரிப் பெண். அவள் எழுத்துப்பிழைகளை ஒவ்வொன்றாக ராகம் போட்டுப் படித்தான். அவள் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. இரண்டு முறையும் நான் பின்னாலேயே டீயோடு போய், “அவர் அப்படித்தாங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்,” என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். யார் மனதில் யார் வைத்துக்கொள்வது என்று நான் யோசித்ததே இல்லை.

“ரெண்டு தடவ,” என்றேன்.

சர்வர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “சொல்லணும்னு கட்டாயமில்ல,” என்றார் மெதுவாக.

சொன்னேன். தேதி, மாதம், ஆள் எல்லாம்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. அண்ணன் சாப்பாட்டு மேசையில் இருந்தான். ஃபோன் தட்டுக்குப் பக்கத்தில். அம்மா சமையலறையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே. ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. இடது கையால் திறந்து படித்தான். படித்து முடிக்கிறவரை வலது கை சோற்றில் அப்படியே இருந்தது.

“ரெண்டு வருஷம் மேடை கிடையாதாம். கூட்டத்துக்கும் வரக் கூடாதாம்,” என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அந்தக்கா அன்னைக்குச் சிரிச்சாங்களே.”

“ஆமா.”

“நீயும் சிரிச்ச.”

“ஆமாண்ணா.”

மறுபடி படித்தான். “இதுல ட்ராயிங் மாஸ்டர் கத இருக்கு. அந்தப் பொண்ணு கத இருக்கு. அதெல்லாம் இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன். அதிலேயே அவன் தெரிந்துகொண்டான்.

“கேட்டாங்க. சொல்லிட்டேன்,” என்றேன்.

“என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே நீ. அந்த மாஸ்டர் அழுதார்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. நாலு வருஷம் ஒரே மேசைல சாப்பிடறோம். என்கிட்ட சொல்லாம, அவங்ககிட்ட சொன்னியா?”



அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “என்ன உங்களுக்குள்ள? ஏன் அவன் பாதியில எழுந்துக்கறான்?”

“ஒண்ணுமில்லம்மா. வயிறு சரியில்ல,” என்று அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

அவன் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, ப்ரொஜெக்டரை அதன் பையில் வைத்து, வயர்களுக்கெல்லாம் பெயர் ஒட்டி என் அறை வாசலில் வைத்தான். பதினோராயிரம் தளங்களில் ஓடும் அவன் செய்த தள வடிவமைப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் போகும்போதுகூட இணைய மன்றத்தில் யாருடைய கேள்விக்காவது பதில் எழுதிக்கொண்டிருப்பவன், கணக்கையே மூடிவிட்டான். ஐந்து வாரத்தில் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை. அவர்கள் மென்பொருளை வெளியாள் யாரும் திறந்துபார்க்க முடியாது. கிளம்புகிற காலையில் என்னிடம், “அம்மாவோட கண்ணு செக்கப் பதினாலாம் தேதி. மறந்துராத,” என்று மட்டும் சொன்னான்.

தையல்கடைக்குப் போக எனக்குத் தைரியம் வர நாலு மாதம் ஆனது. மெயின்ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள் நிறவரிசையில். அக்கா ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலில் இருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவர் பேசியதை இங்கே தடங்கல் இல்லாமல்தான் எழுதுகிறேன். அங்கே அப்படி வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் பாடுபட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

“மன்னிப்பு கேக்க வந்தேங்க,” என்றேன். “அன்னைக்கு நானும் சிரிச்சேன்.”

“தெரியும். உங்களப் பாத்தேன்.”

ஊசியை எடுத்துக் குஷனில் குத்தினார்.

“அவர வெளிய அனுப்பினத கேள்விப்பட்டேன். எனக்கு அது சந்தோஷமில்ல. நான் அத கேக்கவே இல்லையே.”

“புகார்ல…”

“நீங்க படிக்கலையா?”

“சொந்தக்காரிங்கறதால படிக்கல.”

அவர் ஃபோனை எடுத்து, தான் அனுப்பியதன் நகலைத் தேடி என் கையில் கொடுத்தார். நான் வடிவமைத்த படிவம். கடைசிக் கட்டத்தின் கேள்வி, ‘இதற்கு என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?’ அதன் கீழே அவர் எழுதியிருந்தார்:

‘அவர் என் கடைக்கு வர வேண்டும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.’

நான் அதை மூன்று முறை படித்தேன்.

“வருவார்னு பாத்தேன்,” என்றார். “ஒரு மாசம், அந்தக் கதவு திறக்கறப்பல்லாம் நிமிந்து பாத்தேன். என்ன சொல்லணும்னு மனசுல வரிவரியா வெச்சிருந்தேன். அவர் வரல. அப்ப எனக்கு அந்த மேடைல சொன்னதவிட இதுதான் அதிகமா வலிச்சது.”

வெளியே வந்து தெருவிலேயே நின்று நூலகர் அக்காவுக்குப் போன் போட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“படிச்சோம்மா. முதல்ல அததான் செய்யறதா இருந்தோம். நீ பழைய ரெண்டையும் சொன்னதுக்கப்புறம் அது மூணாவது தடவ ஆயிடுச்சு. மூணுன்னா மேடை இல்லன்னு விதில இருக்கு. கடிதத்த உன் மாதிரிய வெச்சுத்தான் எழுதினோம். அதுல ‘புகார் தந்தவரை எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது’ன்னு ஒரு வரி இருக்கே. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டோம்.”

அந்த வரி எனக்கு நினைவிலேயே இல்லை. ஏதோ ஒரு ஊர்க் குழுவின் விதியிலிருந்து, ஒரு மத்தியானத்தில், நான் எடுத்துப் போட்டது. கெட்டவனைத் தடுக்க எழுதப்பட்ட வரி. தேவைப்படுகிறவர்களுக்கு அது காவல்தான். இங்கே அது ஒரு மனுஷியின் ஒரே கோரிக்கைக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ரயிலில் அண்ணனைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை, இரும்புக் கட்டில், திரைச்சீலை இல்லாத ஜன்னல். இளைத்திருந்தான். டீ போட்டுக் கொடுத்தான். நான் ஃபோனில் படம் எடுத்துவந்திருந்த அந்தக் கட்டத்தைக் காட்டினேன்.

ஃபோனை வாங்கிப் படித்தான்.

“நான் போனேன்,” என்றான்.

“எங்க?”

“அந்தக் கடைக்கு. கடிதம் வந்த மறுநாளே. அந்த மாஸ்டர், அந்தப் பொண்ணு, இவங்க, மூணு பேரும் ராத்திரியெல்லாம் கண்ணு முன்னாடி. எழுந்து போய்ட்டேன். சந்து முனைல நின்னப்பதான் அந்த வரி ஞாபகம் வந்துது. தொடர்புகொள்ளக் கூடாது. நான் கையெழுத்து போட்ட விதி. உள்ள போனா அந்தம்மா பயந்துடுவாங்களோ, இன்னொரு புகாருக்கு ஆளாக்கறோமோன்னு தோணுச்சு. கண்ணாடி வழியா பாத்தேன். குனிஞ்சு தெச்சிட்டிருந்தாங்க. வந்துட்டேன்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். “அண்ணா, அந்த வரிய எழுதினது நான்.”

“தெரியும். அதுல ஒரு எழுத்துப்பிழைய நான்தானே திருத்தினேன்,” என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இப்ப வா. நான் அவங்ககிட்ட பேசறேன். நூலகர் அக்காகிட்டயும் சர்வர்கிட்டயும் பேசி அந்த வரிய எடுக்கச் சொல்றேன். வருவியா?”

“வர்றேன்,” என்றான் உடனே. நாலு மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். “நான் ஒண்ணும் பேச மாட்டேன்னு சொல்லு. எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்னு சொல்லு.”

நூலகர் அக்காவும் சர்வரும் அன்றைக்கே ஒத்துக்கொண்டார்கள். திருத்திய கடிதத்தோடு நான் தையல்கடைக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், சந்து முனையில் மூச்சு வாங்கியது. அவன் வந்து திரும்பியதையும் சொன்னேன், விதியையும் சொன்னேன், யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

“பாவம்,” என்றார். பிறகு தலையை ஆட்டினார். “வேண்டாங்க.”

“அக்கா, அவர் ஒரு வார்த்த பேச மாட்டார். நீங்க சொல்றத…”

“நம்பறேன். ஆனா நான் சொல்ல வெச்சிருந்ததெல்லாம் தீந்துபோச்சு. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், கண்ணாடிகிட்ட சொன்னேன், இந்த மெஷின்கிட்ட சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு வழியா இறக்கி வெச்சாச்சு. திரும்ப முதல்லேர்ந்து எடுக்க என்னால ஆகாது. உங்களுக்கெல்லாம் பேசறது சும்மா வருது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் வேலைங்க.”

அவர் தளத்தைத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். “அது நானா கட்டினது,” என்றார். அவ்வளவுதான். கால்சட்டை வாங்க ஆள் வந்துவிட்டார்.

அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருந்தான். போனில் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று, “அண்ணா?” என்றேன்.

“இருக்கேன்,” என்றான். “அவங்க சொன்னது நியாயம்.”

பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அந்த ஆசிரியரும் அந்தப் பெண்ணும் இருந்தது உண்மை. அவர்கள் போனதும் உண்மை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், நாலு வருஷம் முன்னாலேயே, சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால், அண்ணன் அன்றே நிறுத்தியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

புகார்க் குழுவிலிருந்து விலகிவிட்டேன். இந்த வருஷ மாநாட்டில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பாதுகாப்பு அப்டேட்கள் பற்றி ஒருவர் பேசினார். நல்ல விஷயம்தான். பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்குகிறவர்களைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் பேசுவான். பேசி முடித்ததும் அம்மா பிடிவாதமாக ஃபோனை என் கையில் திணிப்பார். மாத்திரை, கரண்ட் பில், மாடிக் குழாய் என்று இரண்டு நிமிஷம் ஓடும். போன வாரம் அவனைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்க வேண்டும்போல் இருந்தது. விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டேன்.

“அண்ணா, ஒரு சைட்ல தேதியெல்லாம் ஒரு நாள் முன்னாடி காட்டுது. எங்க பாக்கணும்?”

“டைம்ஸோன் செட்டிங்ல பாரு. அது சரியா இருந்தா கேஷ் மெமரிய க்ளியர் பண்ணு.”

காத்திருந்தேன். நேற்றைக்கே வாழ்கிற தளத்தைப் பற்றி, அந்தத் தளத்துக்காரரைப் பற்றி, என்னைப் பற்றி, ஏதாவது ஒன்று வாலில் தொங்கும் என்று காத்திருந்தேன்.

“வேற ஏதாவது?” என்றான்.

“வேற ஒண்ணுமில்ல.”

“சரி. வெக்கறேன்.”

அம்மா சமையலறை வாசலில் நின்று, “என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கானாம்,” என்றேன்.